நல்ல போர்வை

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டரைக்குத்தான் பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் ஞாபகம் வரும். இதை நான் விளக்க வேண்டியதில்லை. இந்த வரியைப் படிக்கும்போதே விரல்நுனியில் ஃபெவிகால் காய்ந்து உரிகிற மாதிரி இருந்தால் நீங்களும் நம்ம ஆள்தான்.

போன ஞாயிறு அப்படித்தான். தோசை தின்று கை கழுவிவிட்டு வந்த மகள் டைரியை நீட்டினாள். இரண்டாம் வகுப்பு. ஷூ லேஸ் இன்னும் கட்ட வராது. டைரியில் எழுதியிருந்தது: நாளைக்குக் கருந்துளை மாடல்.

"செஞ்சு எடுத்துட்டு வரணுமாம்ப்பா."

நான் ஓசூர் சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. பதினெட்டு வருஷ சர்வீஸ். டிராயிங் இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூட உள்ளே விடமாட்டேன். கண்ணால் பார்க்க முடியாத ஒரு பொருளை, அளவே கொடுக்காமல், மறுநாள் காலை டெலிவரி கேட்கிறார்கள். வெறும் அட்டைப்பெட்டியைக் கொடுத்தனுப்பலாம், அதுதான் துல்லியமான மாடல் என்றேன். மனைவி பார்த்த பார்வையில் வண்டிச் சாவியை எடுத்துவிட்டேன்.

பாகலூர் ரோட்டு ஸ்டேஷனரிக் கடையில் என்னைப்போல இன்னும் நாலு அப்பாக்கள் நின்றிருந்தார்கள். யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைக்காரர் ஒப்பித்தார்: "எரிமலை இருக்கு, சூரியக் குடும்பம் இருக்கு, மழைநீர் சேகரிப்பு இருக்கு. கருந்துளை ஸ்டாக் இல்லீங்க. வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தா பெங்களூர்லேருந்து வரவெச்சிருப்பேன்."

தெர்மாகோல் பந்து ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்பினேன். செய்வதற்கு முன்னால் பிள்ளைக்கு விஷயம் புரிய வேண்டுமா இல்லையா? ஏழு வயதுக் குழந்தைக்குக் கருந்துளையைச் சுலபமாக விளக்கிவிடலாம். முதல் படி, போர்வை.

வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். நாலு பேர் ஒரு போர்வையின் நாலு மூலையைப் பிடிப்பார்கள். நடுவில் கனமான எதையாவது வைத்தால் பள்ளம் விழும். சின்ன உருண்டைகளை உருட்டிவிட்டால் பள்ளத்தைச் சுற்றிச் சுற்றி வரும். வெளி வளைகிறது, அதுதான் ஈர்ப்பு என்று ஐன்ஸ்டைன் சொன்னதன் சுருக்கம். அந்த வீடியோக்களில் யாருமே எந்தப் போர்வை என்று சொல்வதில்லை.

பீரோவின் மேல்தட்டிலிருந்து ஒன்றை உருவினேன். "அது நல்ல போர்வை" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. பீரோ திறந்த சத்தத்திலேயே எந்தத் தட்டு என்று கண்டுபிடிக்கிற காது. நல்ல போர்வை விருந்தாளிக்கு. எங்கள் வீட்டு நல்ல போர்வைக்கு ஒன்பது வயது. நாலு அந்துருண்டையோடு படுத்திருக்கிறது. இந்த ஒன்பது வருஷத்தில் விருந்தாளி வராமல் இல்லை. எல்லோரும் சொல்லாமல் வந்ததால் சாதாப் போர்வையிலேயே படுத்துப் போய்விட்டார்கள். சொல்லிவிட்டு வருகிற ஒரு விருந்தாளிக்காக அது காத்திருக்கிறது.

அடுத்து ஓரத்தில் எலாஸ்டிக் தைத்த மெத்தை விரிப்பு. நாலு பக்கம் இழுத்தால் நாலு பக்கமும் சுருட்டிக்கொள்கிறது. அந்தப் பிரபஞ்சத்தில் எதையும் வைக்க முடியாது, அதுவே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடும். மூன்றாவது, கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்த பவானி ஜமுக்காளம். நடுவில் கிரைண்டர் கல்லை வைத்தோம். அசையவில்லை. ஐந்து கிலோ கோதுமை மாவையும் சேர்த்து வைத்தோம். ஜமுக்காளம் அப்படியே நிற்கிறது, எங்கள் கைதான் இறங்குகிறது. பவானி ஜமுக்காளப் பிரபஞ்சத்தில் ஈர்ப்புவிசை கிடையாது. நியூட்டன் ஈரோட்டுப் பக்கம் பிறந்திருந்தால் ஆப்பிளைத் தின்றுவிட்டுப் போயிருப்பார்.

கடைசியில் அம்மாவின் பழைய நூல்சேலை மாட்டியது. ஒரு மூலை நான், ஒரு மூலை மனைவி, ஒரு மூலை அம்மா. நாலாவது மூலைக்கு, உறைமோர் கேட்டு வந்த எதிர்வீட்டுக்காரரைப் பிடித்து நிறுத்தினேன். கன்னடக்காரர், மரியாதையானவர், எதற்கென்று கேட்காமல் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பிடித்தார். "கல்லைக் கழுவி வை, காலையில மாவு ஆட்டணும்" என்றாள் அம்மா. கழுவி வைத்தேன். பள்ளம் விழுந்தது. கோலிக்குண்டு வீட்டில் ஏது, நெல்லிக்காயை உருட்டினேன். ஒன்று ஒன்றரைச் சுற்றுச் சுற்றியது. அந்தக் கணத்தில் எனக்குப் புல்லரித்தது உண்மை.

"கல்லு ஏன்ப்பா கீழ போகுது?"

"கனமா இருக்குல்ல கண்ணு."

"கனமா இருந்தா ஏன் கீழ போகணும்?"

"பூமி இழுக்குது."

"பூமிக்கு அடியில யாருப்பா போர்வை புடிச்சிருக்கா?"

"ஆதிசேஷன்" என்றாள் அம்மா, மூலையை விடாமல்.

எதிர்வீட்டுக்காரர் ஆமோதித்தார். நாலில் இரண்டு மூலை அந்தப் பக்கம் போய்விட்டது.

பேச்சை மாற்ற, இதற்குத் தமிழில் கருங்குழி என்றும் ஒரு பெயர் உண்டு, உள்ளே போனது எதுவும் திரும்பாது, வெளிச்சம்கூட வெளியே வராது என்றேன். அம்மா விடவில்லை. "எந்தக் கருங்குழிடா? மதுராந்தகம் பக்கத்துக் கருங்குழிக்கு உங்க சித்தி வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்ட்டு மறுநாளே திரும்பி வந்தோமே. வடலூர் பக்கத்துக் கருங்குழின்னா வள்ளலார் தண்ணியிலேயே விளக்கெரிச்ச ஊரு. வெளிச்சம் வராதுங்கற." இயற்பியலில் இதற்குப் பதில் இல்லை. எதிர்வீட்டுக்காரர் கன்னடத்தில் கப்புகுளி என்றார். உறைமோர்க் கிண்ணத்தைத் தேடி வந்த அவர் மனைவிக்குத் தாய்மொழி தெலுங்கு, அவர் கிருஷ்ண பிலம் என்றார். ஓசூரில் ஒரு சொல்லை ஒரு மொழியில் சொல்லி முடிக்க முடியாது. கிருஷ்ணன் என்றால் கறுப்பு என்று தெரிந்ததும் மகள், அப்படியானால் கிருஷ்ணகிரி கறுப்பு மலையா, அங்கேயும் துளை இருக்கிறதா என்று கேட்டாள். கிரானைட் குவாரிகளை நினைத்துக்கொண்டு இருக்கிறது என்றேன்.

"எல்லாத்தையும் உறிஞ்சிடுமாமே? வீடியோல சொன்னாங்க."

இந்த வீடியோக்காரர்கள் மேல் எனக்கு நிஜமாகவே கோபம். கருந்துளை ஒன்றும் வேக்குவம் க்ளீனர் இல்லை. சூரியனை 6 கிலோமீட்டர் குறுக்களவுக்கு நசுக்கினால், ஓசூர் மாநகராட்சிக்குள் அடங்குகிற அளவுக்கு, அது கருந்துளையாகிவிடும். எடை அதே எடைதான், அதனால் பூமி பாட்டுக்குப் பழைய பாதையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். பூமியையே நசுக்குவதானால் ஒரு கோலிக்குண்டு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இதையெல்லாம் சொன்னேன்.

"அப்போ சூரியன் கருந்துளையானா இருட்டாயிடுமா?"

"ஆயிடும். குளிரும். ஆனா பூமி சுத்தும்."

"அப்போ ஸ்கூல் இருக்கும்" என்றாள் சலிப்போடு.

சரி, கதையாகச் சொல்வோம் என்று விஞ்ஞானி சந்திரசேகரை எடுத்தேன். நம் ஊர் மலைமேல் இருக்கிற சந்திரசூடேஸ்வரர் பேரும் அவர் பேரும் ஒன்றுதான், இரண்டுக்கும் பிறையைச் சூடியவர் என்று பொருள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-இல் கப்பலில் இங்கிலாந்துக்குப் போகிறார். வயது 19. கப்பலிலேயே கணக்குப் போடுகிறார். எரிந்து முடிந்த நட்சத்திரத்தின் எடை சூரியனைப்போல ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் இருந்தால் அது வெள்ளைக் குள்ளனாக அடங்காது, மேலும் நொறுங்கும். 1935-இல் எடிங்டன் என்ற பெரிய மனிதர் சபை நடுவே இதைக் கேலி செய்தார். 1983-இல் நோபல் பரிசு வந்தது.

மகள் யோசித்தாள். "அதுவும் ப்ராஜெக்டா?"

"ஒரு மாதிரி ப்ராஜெக்ட்தான்."

"அவங்கப்பா செஞ்சு குடுத்தாரா?"

அவர் அப்பா ரயில்வே கணக்குத் துறை அதிகாரி. கப்பலில் கூடப் போகவில்லை. இதை நான் மகளிடம் சொல்லவில்லை.

பத்தரைக்கு அவள் தூங்கிவிட்டாள். தூங்கிய பிறகுதான் நல்ல உதாரணம் தோன்றியது. அத்திப்பள்ளி தாண்டினால் பெங்களூர். அங்கே நேரு கோளரங்கத்தின் முதல் இயக்குநராக இருந்த சி.வி. விஸ்வேஸ்வரா, கருந்துளையைச் சீண்டினால் அது அதிர்ந்து எப்படி அடங்கும் என்று 1970-லேயே கணக்கிட்டவர். கோயில் மணியை அடித்தால் ஓசை நீண்டு தேய்ந்து அடங்குமே, அதுபோல. இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றான அதிர்வை 2015-இல் கருவிகள் பிடித்தபோது, அந்த மணியோசையின் கடைசித் தேய்வும் அதில் இருந்தது. மலைக்கோயில் மணியை எம்பி எம்பி அடிக்கிற பிள்ளைக்கு இது ஒரு நிமிஷத்தில் புரிந்திருக்கும். எழுப்பலாமா என்று கேட்டேன். "எழுப்பினா நீங்களே தூங்க வைங்க" என்றாள் மனைவி.

அதனால் நான் தனியாக உட்கார்ந்து தெர்மாகோல் பந்தின் மேல், பைக்குக்கு வாங்கி வைத்திருந்த கறுப்பு ஸ்ப்ரே பெயின்டை அடித்தேன். அந்த பெயின்ட் தெர்மாகோலைக் கரைக்கும் என்பது பதினெட்டு வருஷ சர்வீஸில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பந்து பொசுபொசுவென்று உள்வாங்கியது. கண்முன்னாலேயே நடுவில் கறுப்பாக ஒரு குழி விழுந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த எதுவும் டிராயிங்குக்கு இவ்வளவு பொருந்தி வந்ததில்லை. 2019 ஏப்ரலில் வெளியிட்டார்களே முதல் கருந்துளைப் படம், சூரியனைப்போல 650 கோடி மடங்கு எடையுள்ளது, அதைப் பார்த்துச் சுற்றிலும் ஆரஞ்சு வளையம் தீட்டினேன். தண்ணீர் குடிக்க எழுந்த அம்மா, "வடை எதுக்குடா இந்நேரத்துல?" என்றாள்.

திங்கள் மாலை எனக்கு 'வெரி குட்' வந்தது. 'எக்ஸலன்ட்' வாங்கியவருடைய கருந்துளைக்குள் எல்ஈடி விளக்கு எரிந்ததாம். வெளிச்சமே வராத பொருளுக்கு விளக்கு. அவர் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ், எனக்குத் தெரியும்.

பூமிக்கு அடியில் யார் போர்வை பிடித்திருக்கிறார்கள் என்ற கேள்வியை மகள் வகுப்பிலும் கேட்டிருக்கிறாள். அதற்கு மார்க் இல்லை. ஆசிரியப் பெருமக்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றுதான்: அந்தக் கேள்விக்கு மார்க் போடுங்கள், தெர்மாகோலுக்கு வேண்டாம். விண்ணப்பம் ஏற்கப்படும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. அடுத்த மாத ப்ராஜெக்ட் மழைநீர் சேகரிப்பாம். பாகலூர் ரோட்டுக் கடையில் நேற்றே வாங்கி, நல்ல போர்வைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன்.