ஒழுங்கீனம் என்பது யாதெனில்

“உதவித்தொகை வாங்குகிறாய் அல்லவா, பொறுப்போடு நடந்துகொள்” என்று மாணவர்களுக்கு உபதேசம் செய்ய நம் ஊரில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. கல்லூரி முதல்வர் சொல்வார். அலுவலகக் கிளார்க் சொல்வார். பில் இல்லாமலே வியாபாரம் செய்யும் பக்கத்து வீட்டுக்காரர்கூட “எங்கள் வரிப்பணம்” என்பார். சரி, அந்தப் பொறுப்புக்குக் கொடுக்கிற விலை என்ன என்று பார்த்துவிடுவோம்.

பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944-இல், வைசிராயின் நிர்வாகக் குழுவில் அம்பேத்கர் இருந்தபோது தொடங்கியது. எண்பது வயதைத் தாண்டிய திட்டம். 2020-21-இல் திருத்தி அமைத்த கணக்குப்படி, விடுதியில் தங்காமல் பி.ஏ.வோ பி.எஸ்சி.யோ படிக்கும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணம் போக ஆண்டுக்கு 3,000 ரூபாய் படி. மாதத்துக்கு 250. நாளைக்கு எட்டு ரூபாய் சொச்சம். டீக்கடையில் நீட்டினால் மாஸ்டர் மேலே காசு கேட்பார்.

இந்த எட்டு ரூபாய்க்குச் சாதிச் சான்று வேண்டும். குடும்ப வருமானம் 2.5 லட்சத்தைத் தாண்டவில்லை என்று வருமானச் சான்று வேண்டும். ஆதார் இணைத்த வங்கிக் கணக்கும் 75 விழுக்காடு வருகைப்பதிவும் வேண்டும். ஈ-சேவை மையத்தில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்: சித்தாள் வேலைக்குப் போகும் அம்மா, மகளுக்காக அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்து நிற்பார். சிமென்ட் தின்ற விரலில் ரேகை விழாது. “கையைத் துடைச்சிட்டு வையுங்கம்மா.” முந்தானையில் துடைப்பார், வைப்பார், மெஷின் சிவப்பு காட்டும். “சர்வர் டவுனு, நாளைக்கு வாங்க.” வருமானச் சான்றுக்காக இரண்டு நாள் வருமானம் போனது எந்தச் சான்றிலும் ஏறாது.

இனி ஒழுக்கத்துக்கு வருவோம். இத்திட்டத்தின் விதிமுறைகளில் பல்லாண்டுகள் இருந்த ஒரு பிரிவு சொல்வது இது: மாணவர் வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டால் அது ஒழுங்கீனம், உதவித்தொகையை நிறுத்தலாம், ரத்தும் செய்யலாம். பணம் ஏன் வரவில்லை என்று கேட்டு வாசலில் உட்கார்ந்தால், உட்கார்ந்ததற்காகவே பணம் வராது. என்ன ஒரு மூளை! படிப்பைப் பாதியில் விட்டால் கொடுத்ததைத் திருப்பி வசூலிக்கலாம் என்றும் இருந்தது. பணம் வராததால்தான் விட்டேன் என்றால்? வராத பணத்தை வசூலிக்க முடியாதே, அந்த வரையில் லாபம்தான்.

பொய்த் தகவல் கொடுத்தால் ஆயுளுக்கும் கறுப்புப் பட்டியல். அதுவும் மாணவனுக்குத்தான். 2023-இல் ஒன்றிய சிறுபான்மையினர் நல அமைச்சகம் தன் உதவித்தொகைத் திட்டங்களில் 1,572 கல்வி நிலையங்களைச் சோதித்தது. 830 போலி, அல்லது இயங்காதவை. 144 கோடிக்கு மேல் போய்விட்டது என்று சிபிஐயிடம் புகார் கொடுத்தார்கள். இல்லாத மாணவனுக்குப் பணம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இருக்கிற மாணவனுக்குத்தான் சர்வர் டவுன்.

போஸ்ட் மெட்ரிக்கில் ஒன்றியம் 60, மாநிலம் 40. மாநிலம் முதலில் போட்டால்தான் ஒன்றியம் தன் பங்கை விடும். மாநிலம் டெல்லியைக் காட்டும், டெல்லி மாநிலத்தைக் காட்டும். நடுவில் நிற்கிற பிள்ளைக்கு ஃபீஸ் பாக்கி, அதனால் ஹால் டிக்கெட் இல்லை.

பொறுப்பைப் பற்றி வகுப்பெடுக்கும் பெரிய மனிதர்களுக்கு ஒரு பெயரை நினைவூட்ட வேண்டும். ரோஹித் வெமுலா. ஹைதராபாத் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர், 2016 ஜனவரி 17-இல் இறந்தார். ஏழு மாத ஆய்வு உதவித்தொகை 1.75 லட்சம் பாக்கி இருக்கிறது, குடும்பத்துக்குக் கிடைக்கச் செய்யுங்கள் என்று கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தார். நண்பர் ஒருவருக்கு நாற்பதாயிரம் போலத் தர வேண்டும், அதிலிருந்து கொடுத்துவிடுங்கள் என்றும் எழுதியிருந்தார். சாகப்போகும் மாணவன் தன் கடனை மறக்கவில்லை. அவனுக்குக் கடன்பட்டவர்கள் மறந்திருந்தார்கள். இதில் பொறுப்பற்றவர் யார்?

வருமான வரியைக் கூடுதலாகக் கட்டியவருக்கு அரசு ரீஃபண்ட் தரும்போது, காத்திருந்த மாதத்துக்கு அரை விழுக்காடு வட்டி சேர்த்துத் தருகிறது. வரி கட்டும் அளவுக்கு வசதி உள்ளவர் காத்திருந்தால் வட்டி. வசதி இல்லாத பிள்ளை காத்திருந்தால் புத்திமதி. தாமதத்துக்கு மாணவருக்கு வட்டி, தாமதித்த அதிகாரிக்குத் தண்டம் என்று இரண்டு வரி சேர்த்துவிட்டு, அப்புறம் கடமைகளைப் பட்டியல் போடுங்கள்.

அதுவரைக்கும், தம்பி தங்கைகளே, எழுதிக் கேளுங்கள். என் விண்ணப்பம் யார் மேசையில், எந்தத் தேதியிலிருந்து கிடக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஆளுக்கொரு மனு போடுங்கள். வேலைநிறுத்தம் இல்லை, வெறும் தபால்தான், ஒழுங்கீனத்தில் சேராது. முப்பது நாளில் பதில் வர வேண்டும். தகுந்த காரணமின்றி இழுத்தடிக்கும் அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. உங்களுக்கு அது ஒரு மாதப் படி.