ரோமாபுரி இடிபாட்டிலக்கணம்: பிழைப்பியல்

இடிபாடு என்பது யாதோ எனின், கூரை இல்லாததும் நுழைவுச்சீட்டு உள்ளதுமாகிய கட்டடம் என்க. கூரையும் சீட்டும் ஒருங்கே இல்லாதது பாழ்வீடு. இரண்டும் உள்ளது அருங்காட்சியகம். பாந்தியனுக்குக் கூரையும் உண்டு, 2023 முதல் சீட்டும் உண்டு, அதை எங்கே வைப்பது என்று கடாவுவார்க்கு விடை: அக்கூரையின் உச்சியில் ஏறக்குறைய 9 மீட்டர் அகலத்துக்கு ஒரு திறப்பு இருக்கிறது. மழை நேரே உள்ளே பெய்கிறது. ஆகலின் அதுவும் இவ்விலக்கணத்துள் அடங்கும்.

ரோமாபுரி இடிபாடுகளை அறிஞர் காலத்தால் பகுப்பர், கட்டுவித்த மன்னரால் பகுப்பர், தூணின் தலையலங்காரத்தால் பகுப்பர். ஆகஸ்ட் மாத வெயிலில் காலித் தண்ணீர் பாட்டிலோடு பழைய நகர்ச்சதுக்கமாகிய ஃபோரத்தின் நடுவில் நிற்கும் பயணிக்கு இம்மூன்றும் உதவா. அவனுக்கு எழும் ஐயம் ஒன்றே ஒன்று: இத்தனையும் போனபின் இது மட்டும் ஏன் போகவில்லை? நியாயமான கேள்வி. அந்நகரத்தார் பல நூற்றாண்டுகளாகப் பளிங்குச் சிலைகளைச் சூளையிலிட்டுச் சுண்ணாம்பாக்கியவர்கள், பழைய கல்லைப் பெயர்த்துப் புதிய மாளிகை எழுப்பியவர்கள். அங்கே இடிந்ததற்குக் காரணம் தேடுவது வெட்டிவேலை. நிற்பதற்குத்தான் காரணம் வேண்டும். எனவே பிழைத்த வழி பற்றியே இந்நூல் வகை செய்கிறது.

தலைமை பற்றி முதற்கண் வைக்கப்படுவது மதம் மாறிப் பிழைத்தவை. பாந்தியன் 609ஆம் ஆண்டில் தேவாலயமாயிற்று. செனட் கூடிய கூரியா அதே நூற்றாண்டில் அவ்வழியே சென்றது. தேவாலயமான பின் கல்லில் கைவைப்பது பாவம். வெண்கலத்தில் கைவைப்பது பாவத்தில் சேராது போலும்: 17ஆம் நூற்றாண்டில் போப்பரசர் எட்டாம் அர்பன் பாந்தியனின் முகமண்டப வெண்கலத்தைப் பெயர்த்துப் பீரங்கி வார்க்கக் கொடுத்தார்.

இவ்வகைக்கு உதாரணம் காட்டப் பாந்தியனைவிடத் தகுந்தது ஃபோரத்தில் உள்ள அந்தோனினஸ், ஃபாஸ்டினா கோயில். முன்னே பெருந்தூண்கள், அவற்றின் உள்ளே பிற்காலத் தேவாலயத்தின் முகப்பு. அந்த முகப்பின் பச்சை நிற வெண்கலக் கதவைப் பாருங்கள். ஏணி வைத்தாலன்றி எட்டாத உயரத்தில், வாசற்படி எதுவுமின்றி, சுவரில் தொங்குகிறது. அதைத் திறந்துகொண்டு வெளியே கால் வைப்பவர் நேரே கி.பி. 2ஆம் நூற்றாண்டில் போய் விழுவார். கட்டியவர்கள் மேல் பிழையில்லை. அவர்கள் நாளில் தரை அங்கேதான் இருந்தது. மண்ணும் இடிபாட்டுச் சல்லியும் ஏறி ஃபோரம் மாடு மேயும் திடலாகிவிட்டிருந்தது. அதற்குப் பெயரே மாட்டுத்திடல். பிற்பாடு அகழ்வாளர் வந்து மண்ணை அள்ளிப்போனார்கள், கதவு அந்தரத்தில் நின்றுவிட்டது. தூண்களின் மேற்பகுதியில் சாய்வாக வெட்டுப்பள்ளங்கள் தெரியும். கயிறு கட்டி இழுத்துப் பார்த்த தழும்பு என்று சொல்லப்படுகிறது. ஆக, யாரோ முயன்றுதான் பார்த்திருக்கிறார்கள்.

இரண்டாவது வகை, ஆள்மாறாட்டத்தால் பிழைத்தது. பேரரசர் மார்க்கஸ் ஔரேலியஸ் குதிரைமேல் அமர்ந்த வெண்கலச் சிலை ஒன்றே இதற்குச் சொல்லத்தக்க உறுப்பு. மற்ற பேரரசர்களின் வெண்கலக் குதிரைகள் எல்லாம் உருகி நாணயமும் மணியுமாகிப் போக, இவரைக் கிறிஸ்தவப் பேரரசர் கான்ஸ்டன்டைன் என்று எண்ணி விட்டுவைத்தார்கள். கப்பிட்டோல் குன்றின் சதுக்கத்தில் இப்போது நிற்பது நகல். அசல் பக்கத்து அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது. நகலோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பும் பயணிகளால் ஆள்மாறாட்டம் இன்றும் தொடர்வதை அறிக.

குடிபுகுந்ததால் பிழைத்தது மார்செல்லஸ் நாடக அரங்கு. கீழே வளைவுகள், மேலே இன்றும் குடியிருப்பு. அதிகம் சொல்வதற்கில்லை.

இனி, புதைந்து பிழைத்தவை. பொம்பெய் இதன் தலை. பயணநூலார் பலரும் இதையே முதல் வகையாக வைப்பர்; நாம் உடன்படோம். 79ஆம் ஆண்டில் வெசூவியஸ் கக்கிய சாம்பலுக்கு அடியில் கிடந்தது பிழைப்பாகாது, உறக்கம். பிழைப்பு தொடங்கியது 1748இல் தோண்டத் தொடங்கிய பிறகு. அன்றுமுதல் மழை, வேர், புறா, பயணி என்னும் நால்வகைப் படையோடு அந்நகரம் போராடி வருகிறது. கிளாடியேட்டர்களின் மனை எனப்பட்ட கட்டடம் 2010இல் பொலபொலவென்று இடிந்து விழுந்தது. எரிமலை வந்தபோதுகூட அது அத்தனை அவமானப்படவில்லை.

பாதி களவு போனதால் மீதி பிழைத்தது கொலோசியம். சுவரெங்கும் உள்ள துளைகளைக் குண்டு பாய்ந்த தழும்பு என்று பயணிகள் எண்ணுவர். அன்று. சுண்ணச்சாந்து இல்லாமல் கல்லோடு கல்லைப் பிணைத்த இரும்புப் பட்டைகளை இடைக்காலத்தார் குடைந்து எடுத்த இடங்கள் அவை. 1349 நிலநடுக்கத்தில் தென்புற வெளிச்சுவர் சரிந்தது. சரிந்த கல் ஊருக்குள் மாளிகைகளாயிற்று. எஞ்சியதில் செடி முளைத்தது. ரிச்சர்ட் டீக்கின் என்னும் ஆங்கில மருத்துவர் அச்செடிகளை வகை பிரித்து, 420 இனங்களைப் பட்டியலிட்டு 1855இல் ஒரு நூலே போட்டார். வகைப்படுத்தும் நோயில் நமக்கு முன்னோர் அவர். அடுத்த இருபது ஆண்டுக்குள் அகழ்வாளர் செடிகளைப் பிடுங்கிவிட்டனர், நூல் மட்டும் மிஞ்சியது.

கடைசியும், எம் கருத்தில் உயர்ந்ததும், குப்பையானதால் பிழைத்தது. டைபர் ஆற்றுத்துறைக்கு அருகே மோன்டே டெஸ்டாச்சியோ என்றொரு குன்று, ஏறத்தாழ 35 மீட்டர் உயரம். மண் கிடையாது, முழுக்க ஓட்டாஞ்சில்லு. ஸ்பெயினிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆலிவ் எண்ணெய் வந்த சாடிகளை உடைத்துக் குவித்தது. எண்ணெய் ஊறிக் காறிப்போன சாடியில் மறுபடி எதையும் ஊற்ற முடியாது. எனவே உடைத்து, அடுக்கி, நாற்றம் போகச் சுண்ணாம்பு தூவினார்கள். சில்லுகளில் சாடியின் எடை, எண்ணெயின் எடை, வணிகர் பெயர் என்று மையால் எழுதிய கணக்கு இன்னும் படிக்கக் கிடைக்கிறது. குன்றின் அடிவாரத்தைக் குடைந்து எழுந்த உணவகங்கள் சிலவற்றில் பின்சுவர்க் கண்ணாடி வழியே சில்லடுக்கைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம்.

இதனோடு ஒப்புநோக்கத் தக்கது மிளகுக் கிட்டங்கி. சேரநாட்டு முசிறித் துறையிலிருந்து மிளகு போனது. ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போகிறதே என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பினார். அச்சரக்குக்கென்றே பேரரசர் டொமிஷியன், ஃபோரத்தின் அருகில் ஒரு கிட்டங்கி கட்டினார். பின்னால் அதன் தலைமேல் மாக்சென்டியஸின் பெருமண்டபம் ஏறி உட்கார்ந்துகொண்டது. பொன் கொடுத்து வாங்கியது அடியில் போயிற்று, தூக்கி எறிந்தது மலையாக நிற்கிறது.

புறனடை: மேற்கூறிய எவ்வகையிலும் சேராதவை சில உள. பொம்பெயில் ஓடு, கல், மொசைக் துண்டு என்று பையில் போட்டுக்கொண்டு போன பயணிகள், வீட்டில் நோயும் நஷ்டமும் வரிசையாக வரவும், சாபம் என்று அஞ்சி மன்னிப்புக் கடிதத்தோடு அவற்றைத் திருப்பி அனுப்புகிறார்கள். இவை தபாலில் பிழைத்தவை எனப்படும். எடுத்த இடம் இன்ன சுவர் என்று கடிதத்தில் குறித்தால் அகழ்வாளருக்கு உதவியாக இருக்கும்.