அர்த்த ராத்திரிக் குடை

ஏலே மக்கா, இப்பிடி வெளிச்சத்துல வந்து நில்லு. என்ன சட்டைடே இது? கஞ்சித் தண்ணி நெறத்துல, இஸ்திரி கூடப் போடாம, கசங்கிக் கெடக்கு. வீட்டுல கரண்டு இல்லியோன்னு நெனச்சேன். கேட்டா லினன்ங்க. வெல நாலாயிரம்ங்க. "பாட்டா, இதுக்குப் பேரு ஓல்டு மணி லுக்கு. பரம்பரப் பணக்காரங்க எல்லாம் இப்பிடித்தான் உடுப்பாங்க. கம்பெனி பேரு வெளிய தெரியப்பிடாது. செயினு, மோதிரம் கூடாது. ரீல்ஸ்ல ஒருத்தரு வெளக்கமாச் சொல்லியிருக்காரு"ங்க.

கொள்ளாம். பரம்பரப் பணக்காரன் எப்பிடி உடுப்பான்னு ரீல்ஸ் பாத்துப் படிச்சவன் என்னைக்குடே பரம்பரப் பணக்காரன் ஆனான்? அதும் மூணு தவணையில?

இரி. வெப்ராளப்படாதே. அந்தக் கூட்டத்தக் கிட்ட நின்னு பாத்தவன் நான். சொல்லுகேன்.

எங்க ஊருல ஒரு பண்ணையாரு இருந்தாரு. பேரு வேண்டாம், பேரப்பிள்ளைக வக்கீலா இருக்கானுவ. 1906ல பேச்சிப்பாற அணையக் கெட்டி முடிச்ச பொறவு நாஞ்சில் நாட்டு வயலுக்கு வெள்ளம் தட்டில்லாம வந்துது. கன்னிப்பூவும் கும்பப்பூவும் வெளஞ்சு கொட்டிச்சு. அவரு வீட்டுப் பத்தாயத்துல ஒரு ஆளு எறங்கி நின்னா தல தெரியாது. அந்த மனுசன் உடுப்பு என்னன்னு நெனச்ச? ஓணத்துக்கு ஒரு ரெட்ட வேட்டி எடுப்பாரு. புதுசுல அது கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும். கர மங்கினா வயலுக்கு. நஞ்சு போச்சுன்னா ரெண்டாக் கீறி துவர்த்து. துவர்த்தும் இத்துப்போனா அடுக்களையில பான எறக்கப் பிடிதுணி. பிடிதுணி கரிஞ்சா அதையும் எறிய மாட்டாரு. கீறித் திரிச்சு தொழுவத்து வெளக்குக்குத் திரி. ஒரு வேட்டி அந்த வீட்டுக்குள்ள வந்துதுன்னா பொறவு பொகையாத்தான் வெளிய போவும்.

இதத்தான் நீ எளிமைங்க. அவரு வீட்டுல நெல்லு குத்தின பொம்பளைககிட்ட கேட்டிருந்தா வேற பேரு சொல்லியிருப்பாளுக. ராத்திரி ஒறக்கத்துல தேங்கா விழுந்தா எந்தத் தென்னன்னு சொல்லுவாரு. விடிஞ்சு பாத்தா தேங்கா அங்க கெடக்கணும். இல்லேன்னா பஞ்சாயத்து.

அவருக்கு எதுக்குடே நல்ல சட்டை? வடசேரி சந்தையிலேருந்து கோட்டாறு கம்போளம் வர அவரு யாருன்னு தெரியாத ஆளு கெடையாது. கடைக்குப் போனா அளந்து குடுப்பான், பைசா கேக்க மாட்டான். தாலுகா ஆபீசுல நாக்காலி தானா நவுந்து வரும். அவருக்க சட்டை ஊருக்காரன் நெனப்புல இருந்துது. நீ நாலாயிரம் குடுத்து வாங்கின துணிய அந்தக் கம்போளத்துல போட்டுட்டு நடந்து பாரு. "என்ன தம்பி, ஒடம்பு சொகமில்லியா?"ன்னு கேப்பான்.

அவருக்க வீட்டம்மைக்குக் கழுத்துல ஒரு சரடு, காதுல ஒரு சோடி கம்மல். பெட்டகத்துக்குள்ள கெடந்தது வேற கணக்கு. அது பொடமுறிக் கல்யாணத்துக்கும் கோர்ட்டுக் கேசுக்கும் மட்டும் வெளிய வரும். வடசேரி ஆசாரிமாரு செவப்புக்கல்லு பதிச்சு சாமிக்கும் ஆட்டக்காரிக்கும் செய்த கோயில் நகைக்கு இப்போ புவிசார் குறியீடே குடுத்திருக்கு. நாம கல்யாண மண்டபத்துல அத உச்சியிலேருந்து இடுப்பு வர மணப்பொண்ணுக்குப் பூட்டி நிறுத்துகோம். அதுலயும் பாதி வாடகை. சாயங்காலம் வண்டி வந்து அள்ளிட்டுப் போவும்.

சரி, பண்ணையார விடு. ராசா கதைக்கு வருவோம். 1949 வர நமக்கு ராச்சியம் திருவிதாங்கூருதானே.

1750ல மார்த்தாண்ட வர்மா மகாராசா நாட்டையே பத்மநாபசாமி காலுல வச்சாரு. அதுலேருந்து ராசாமாரு எல்லாம் பத்மநாப தாசன். சாமிக்கு வேலக்காரன். இதுல பக்தி எவ்வளவு, ராசதந்திரம் எவ்வளவுன்னு என்ன கேக்காதே. சாமி நாட்ட எவன் பிடிக்க வருவான், சொல்லு? ஆனா பழக்கம் பழக்கமாயிட்டு. உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மான்னு ஒருத்தரு இருந்தாரு, 2013ல 91 வயசுல மறைஞ்சாரு. தெனம் காலையில ஒரு வேட்டி, ஒரு நேரியது, அவ்வளவுதான், கோயிலுக்குப் போவாரு. ஒரு நாளு தப்பினா 166 ரூபா 35 காசு அவராதம் கெட்டணும்னு மொறை. திரும்பி வாசல் எறங்கும்போ காலுல ஒட்டின மண்ணத் தட்டி விட்டுட்டுத்தான் எறங்குவாரு. எதுக்கு? அந்த மண்ணும் சாமி சொத்தாம்.

2011ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லி கோயில் நெலவறையத் தொறந்து பாத்தான். ஒரு லட்சம் கோடி பெறும்னு பத்திரிகைக்காரனுவ எழுதினானுவ. அதுல பி-ங்க நெலவற இன்னும் தொறக்காமக் கெடக்கு. அதுக்கு மேல நடந்து போய்ட்டு வந்த மனுசன் காலு மண்ணத் தட்டுகாரு பாத்துக்கோ. 1950கள்ல வாங்கின ஒரு பென்சு காரத்தான் கடைசி வர வச்சிருந்தாரு. கம்பெனிக்காரனே புதுக் காரு தாரோம், அதத் தாங்கன்னு கேட்டும் குடுக்கலியாம். நீ ரெண்டு வருசத்துக்கு ஒருக்க போன மாத்துக.

பத்மநாபபுரம் கொட்டாரம் தக்கலையிலேருந்து கூப்பிடு தூரம்தான். போயிருக்கியா? போட்டோ எடுக்கப் போயிருப்ப. தல நிமுந்து நொழைய முடியாத வாசலு. எவனா இருந்தாலும் குனியணும். ராசா மந்திரிமாரோட கூடிப் பேசின மந்திரசாலை நம்ம கல்யாண மண்டபத்துக் கை கழுவுக எடத்த விடச் சின்னது. தரை கண்ணாடியா மின்னும். செரட்டக் கரியும் சுண்ணாம்பும் முட்ட வெள்ளையும் சேத்துத் தேச்சதுங்கா. எரிஞ்ச செரட்ட! நீ இத்தாலியிலேருந்து கல்லு எறக்குக, அதுல தண்ணி பட்டா வழுக்குதுன்னு மேல பாய் விரிக்க. கொட்டாரத்துலயே பெரிய எடம் எது தெரியுமா? ஊட்டுப்புர. மேலயும் கீழயுமா ரெண்டு தளம், ஒவ்வொண்ணுலயும் ஆயிரம் பேரு இருந்து சாப்பிடலாம். அத மட்டும் கேட்டுட்டு ராசாவ வாழ்த்தாதே. அந்தச் சோறு பிராமணாளுக்கு. நெல்லு வெளைய வச்சவன் மதிலுக்கு வெளிய நின்னான்.

ஐதராபாத் நிசாமையும் சொல்லணும். 1937ல உலகத்துலயே பெரிய பணக்காரன்னு டைம் பத்திரிகைக்காரன் அட்டையில படம் போட்டான். 185 காரட்டு ஜேக்கப் வைரத்தக் காயிதம் பறக்காம இருக்க மேல தூக்கி வச்சிருந்தாரு. தொப்பி மட்டும் வருசக்கணக்கா அதே அழுக்குத் தொப்பி. நீ அழுக்குத் தொப்பிய மொதல்ல வாங்கிட்ட. வைரம் எப்போடே?

இன்னொண்ணு சொல்லணும், இத எந்த ரீல்ஸ்காரனும் சொல்ல மாட்டான். நாஞ்சில் நாட்டு வேளாளர் வீட்டுல அப்போ மருமக்கள் வழி. சொத்து மகனுக்கு இல்ல, அக்கா தங்கச்சி மகனுக்கு. பெத்த பிள்ளைக்கு உகந்துடைமைன்னு ஒரு துண்டு கெடச்சா பெருசு. குடும்பத்துக்கு மூத்தவரான காரணவரு ஆளுகாரே ஒழிய சொத்து அவருக்கில்ல. பட்டு வேட்டி ஒண்ணு எடுத்தாருன்னா மருமகன் திண்ணையில இருந்து கணக்குப் போடுவான்: "அது நமக்க வேட்டியாக்கும்." மறு மாசம் கோர்ட்டுல பிராது. வேலக்காரன் தலையில கடவத்த வச்சு, மேல கத்திரிக்கா, அடியில நெல்லுன்னு ராத்திரியோட ராத்திரியா மகன் வீட்டுக்குக் கடத்தின காரணவமாரு உண்டும். தேரூர்க்காரரு கவிமணி தேசிகவிநாயகம் பிள்ள இந்தக் கூத்த வச்சு மருமக்கள் வழி மான்மியம் எழுதினாரு. ஊரு சிரிச்சுது, வெக்கப்பட்டுது, 1926ல சட்டம் வந்து மக்கள் வழி ஆச்சு. பெரிய மனுசனுக்க பழைய வேட்டியில பாதி எளிமைன்னா மீதி வக்கீல் நோட்டீசு பயம். அதையும் சேத்துத் தச்சுத் தருவானா ஒனக்க லினன் கடைக்காரன்?

இப்போ ஒரு காரியம் கேக்கேன், யோசிச்சுச் சொல்லு. அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்த ராத்திரியில குட பிடிப்பான்னு பழமொழி இருக்கே. புதுப் பணக்காரனப் பாத்தா எல்லாரும் இதத்தான் சொல்லுகான். கனமான செயினு போட்டவன், பச்சையும் மஞ்சளுமா வீட்டுக்கு பெயிண்டு அடிச்சவன், காரு கண்ணாடியில அப்பன் பேர எழுதினவன், எல்லாம் அற்பன். நீயும் அந்தப் பேருக்குப் பயந்துதானே இந்த வெளிறின சட்டையில பூந்திருக்க?

அந்தப் பழமொழியச் சொன்னவன் யாரா இருப்பான்? ஏற்கெனவே கையில குட வச்சிருந்தவன். இந்த மண்ணுல நம்ம ஆளுக குட பிடிக்கப்பிடாதுன்னு இருந்துது. செருப்பு கூடாது. பொன்னு போடப்பிடாது. பொம்பளைக கொடத்த இடுப்புல வைக்கப்பிடாது, தலையிலதான் சொமக்கணும். வீடு மாடி எடுத்துக் கெட்டப்பிடாது. பகல்ல குட பிடிச்சா அடிக்க வருவான். அப்போ அவன் எப்போடே குட பிடிப்பான்? அர்த்த ராத்திரியிலதான் பிடிப்பான். இத்தன வருசம் அந்தப் பழமொழிக்குச் சிரிச்சோமே, ஒருத்தனாவது மழையா வெயிலான்னு கேட்டோமா?

மாருல சீல போடுகதுக்கு நம்ம பாட்டிமாரு பட்ட பாட்டுக்குத் தோள்சீலைக் கலகம்னு பேரு. 1820கள்லேருந்து அடிபிடி. சந்தையில வச்சு சீலையக் கிழிச்சான். பள்ளிக்கூடத்தையும் வேதக்கோயிலையும் தீ வச்சான். 1859 சூலை 26ல ராசா விளம்பரம் போட்டாரு: சரி, மாரு மறைக்கலாம். ஆனா ஒண்ணு, மேல்சாதிப் பொம்பளைக போடுக விதத்துல போடப்பிடாது. முரட்டுத் துணி உடுக்கலாம், மீன்காரி கெட்டுக விதத்துல கெட்டலாம். அனுமதிலயும் ஒரு கொக்கி பாத்தியா? யாரு எந்த மாதிரி உடுக்கணும்னு சர்க்காரு உத்தரவு போட்ட ஊருடே இது. கொட்டாரத்து ஆம்பளைக மேலுக்குத் துணியில்லாம நடந்தது அவாளுக்க இஷ்டம். நம்ம ஆளுக நடந்தது சட்டம். ரெண்டுக்கும் போட்டோ எடுத்தா ஒண்ணாத்தான் இருக்கும்.

அதனால பெரிய வீட்டுக்காரன் கந்தல் வேட்டியோட இருந்தா ஆகா ஓகோன்னு வாயத் தொறக்காதே. நல்ல மனுசன் இருப்பான், பிசினாறியும் இருப்பான். அவனுக்கு ஒண்ணும் நட்டமில்ல. கந்தலோட நின்னாலும் நாக்காலி வரும். நமக்கு சட்டை போட்டாத்தான் நாக்காலி, சில ஆபீசுல போட்டாலும் வராது. ஒனக்க அப்பன் குவைத்துல இருபது வருசம் ஏ.சி. ரிப்பேரு பாத்து அனுப்பின பணம் புதுப் பணம்தான். புதுசுக்கு என்னடே கொறச்சல்? எவன் வயலயும் பறிச்சது இல்ல, எவனும் குத்தித் தந்த நெல்லு இல்ல. ஒனக்க அம்மை கல்யாண வீட்டுக்கு செவப்புப் பட்டும் ரெட்ட வட செயினும் போட்டுட்டு எறங்கும்போ "ரொம்ப ஓவரா இருக்கும்மா"ன்னு மூஞ்சியச் சுளிச்சியாமே. நேத்து சொல்லிச் சொல்லி அழுதா. போ, போய் மாப்பு கேளு. அவ போடட்டும். எத்தன தலமொறைக்குச் சேத்து அவ போடுகா தெரியுமா?

அதுக்காக நீயும் கழுத்துல சங்கிலி போட்டுட்டு அலையாதே. வெயிலுக்குப் பருத்தி நல்லது, கொஞ்சம் தொளதொளன்னு இருக்கட்டும், வேர்வ காயும். நல்ல நெறமா எடு. கடனுக்கு எடுக்காதே. கிழிஞ்சா தைய்யி. ஒனக்குப் பிடிச்சா போடு, ரீல்ஸ்காரனுக்குப் பிடிச்சா அவன் போடட்டும்.

ஞாயித்துக்கெழம சும்மாத்தானே இருப்ப? சாமித்தோப்பு வைகுண்டசாமி பதிக்கு வா, கூட்டிட்டுப் போறேன். வைகுண்டசாமி 1851ல போய்ச் சேந்தாரு, ஆனா அவரு சொன்னது இப்பளும் நடக்கு. ஆம்பளைக சட்டையக் களட்டிட்டு, தலையில தலப்பாவு கெட்டிட்டுத்தான் உள்ள போகணும். தலையில துணி கெட்ட அனுமதியில்லாத ஆளுகள அவரு தலப்பாவு கெட்டச் சொன்னாரு, சாமிக்கு முன்னாலயே. அங்க ஒனக்க லினனுக்கும் வேல இல்ல, எனக்க கிழிஞ்ச பனியனுக்கும் வேல இல்ல. ரெண்டும் வெளிய கொடியில தொங்கும். துவர்த்து நான் கொண்டு வாரேன். எந்தக் கம்பெனி தலப்பாவுன்னு மட்டும் வாசல்ல நின்னு கேட்டுராதே, மானம் போயிரும்.