தலைவரை நாயகனாக்குவது எப்படி?

ஐ.டி. விங்கில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி, முதல் வேலையாகத் தேர்தல் அறிக்கையை எடுத்து ஓரமாக வை. அதிலிருக்கும் பாசனத் திட்டம் எந்தக் கேமராவிலும் விழாது. உடம்பு விழும். தலைவரின் தோள், வியர்வை, மடித்துக் கட்டிய வேட்டி இவைதான் உன் முதல்.

உடம்பிலும் அடிபட்ட உடம்புக்குத்தான் மவுசு. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர். ராதா சுட்டு எம்.ஜி.ஆரின் கழுத்தில் குண்டு பாய்ந்தது. அடுத்த மாதம் தேர்தல். கழுத்தில் கட்டோடு அவர் இருக்கும் படம் போஸ்டராகி ஊர் ஊராக ஒட்டப்பட்டது. ஆஸ்பத்திரியில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் ஜெயித்தார், தி.மு.க. முதல்முறையாக ஆட்சியைப் பிடித்தது. அரிசித் தட்டுப்பாடும் இந்தி எதிர்ப்பும்தான் காரணம் என்று வரலாற்றுப் பேராசிரியர்கள் சொல்வார்கள். சொல்லட்டும், உனக்கு வேண்டியது அந்தக் கட்டு. 1984 தேர்தலின்போது நியூயார்க்கின் புரூக்ளினில் சிகிச்சையில் இருந்த எம்.ஜி.ஆரை வீடியோ எடுத்து இங்கே கொண்டுவந்து போட்டுக் காட்டினார்கள். ஆண்டிபட்டியில் கால் வைக்காமலே வெற்றி. ஆள் உயிரோடு இருக்கிறார் என்பதே பிரசாரம் ஆனது.

அமெரிக்காக்காரர்களுக்கு இது தாமதமாகத்தான் வாய்த்தது. 2024 ஜூலை 13 அன்று பென்சில்வேனியாவின் பட்லரில் துப்பாக்கிச் சூடு, டிரம்ப்பின் காதோரம் ரத்தம். பாதுகாவலர்கள் அவரை அப்புறப்படுத்தப் பார்க்க, அவர் கூட்டத்தைப் பார்த்து முஷ்டியை உயர்த்தினார். பின்னால் தேசியக்கொடி. சில மணி நேரத்தில் அந்தப் படம் டி-ஷர்ட்டில் விற்பனைக்கு வந்துவிட்டது. இதைப் படித்துவிட்டு காயத்தை நீயே ஏற்பாடு செய்துவிடாதே. நம் தலைவர் வலி தாங்க மாட்டார்.

காயம் கிடைக்காத காலத்தில் சாகசம் வை. 2011இல், பிரதமராக இருந்த புதின் கருங்கடல் பக்கம் முக்குளித்து, பழங்காலக் கிரேக்க ஜாடி இரண்டோடு மேலே வந்தார். இரண்டே மாதத்தில் அவருடைய செய்தித் தொடர்பாளரே, ஜாடிகள் முன்பே கிடைத்தவை, கொண்டுபோய் வைத்தவை என்று ஒப்புக்கொண்டார். உனக்குப் பாடம்: ஜாடியில் கொஞ்சம் பாசி பூசு, செய்தித் தொடர்பாளரின் வாயைப் பூட்டு.

சொந்தமாக டி.வி. சேனல் இருந்தால் உத்தமம். இத்தாலியில் சேனல் முதலாளி பெர்லுஸ்கோனி 1994 ஜனவரியில், அரசியலுக்கு வருகிறேன் என்று பதிவுசெய்த வீடியோவை ஒளிபரப்பினார். மே மாதம் பிரதமர். சேனல் இல்லாத ஏழைக் கட்சிக்கு ரீல்ஸ் போதும். டீக்கடையில் தலைவர் டீ ஆற்றட்டும், ஸ்லோ மோஷனில் திரும்பட்டும், பி.ஜி.எம். மட்டும் குறைவாக இருக்கக் கூடாது. ட்ரோன் காலி நாற்காலிப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்.

நிருபர்கள் கேள்வி கேட்டால்? சிரித்துக்கொண்டே தலைவரைக் காரில் ஏற்றிவிடு. அதற்கும் பி.ஜி.எம். உண்டு.

கடைசியாக, நிவாரணம். 2015 சென்னை வெள்ளத்தில் தண்ணீரில் நின்றவர்களுக்குப் போன பொருட்களில் முதலமைச்சர் ஜெயலலிதாவின் ஸ்டிக்கரை ஒட்டினார்கள் என்று ஊரே சிரித்தது. மீம் போட்டது, திட்டியது. 2016 மே மாதம் மறுபடியும் அதே கட்சிதான் ஆட்சிக்கு வந்தது. ஆகவே ஸ்டிக்கரின் அளவைக் குறைக்க வேண்டாம் தம்பி. ஈரத்தில் உரியாத பசையாகப் பார்த்து வாங்கு.