கரையான் சாப்பிடாத புத்தகம்

மின்நூல் வந்து அச்சுப் புத்தகத்துக்குச் சங்கு ஊதிவிடுமா? சென்னையில் புத்தகக் காட்சி தொடங்கினால் போதும், இந்தப் பட்டிமன்றமும் கூடவே தொடங்கிவிடும். ஒரு பக்கம் தாள் வாசனைக் கட்சி. மறுபக்கம் சட்டைப் பையில் ஆயிரம் நூல் கட்சி. இதே வழக்கு தமிழில் ஏற்கெனவே ஒரு தடவை நடந்து முடிந்தது என்பது இரண்டு கட்சிக்கும் ஞாபகம் இருப்பதில்லை. அப்போது வாதி பனையோலை, பிரதிவாதி அச்சு. தீர்ப்பு வர ஏறக்குறைய முந்நூறு வருஷம் பிடித்தது. நம் ஊர் சிவில் வழக்குக்கே அது கொஞ்சம் அதிகம்.

1578இல் கொல்லத்தில் அன்றீக் அடிகளார் என்ற போர்ச்சுகீசியப் பாதிரியார் ‘தம்பிரான் வணக்கம்’ என்று 16 பக்கத்தில் ஒரு தமிழ் நூலை அச்சிட்டார். செலவுக்குக் காசு கொடுத்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். ஆக, தமிழின் முதல் முன்வெளியீட்டுத் திட்டம் மீன் வாடையோடுதான் ஆரம்பமாயிற்று. இன்று தப்பிப் பிழைத்திருக்கும் ஒரே பிரதி அமெரிக்காவில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் அன்றைக்கே எழுத்தாணிகளெல்லாம் சுவரில் சட்டை மாட்டப் போயிருக்க வேண்டும். ஓலைக்காரர்களோ தலையைக்கூடத் திருப்பவில்லை. இன்னும் இரண்டு மூன்று புத்தகம் போட்டுப் பார்த்துவிட்டு, அச்சுதான் படுத்துக்கொண்டது.

அடுத்த படையெடுப்பு தரங்கம்பாடியில். 1706இல் அங்கே வந்து இறங்கிய பாதிரியார் சீகன்பால்குவுக்கு லண்டன் நண்பர்கள் ஓர் அச்சு இயந்திரமும், அதை ஓட்ட ஓர் ஆளும் அனுப்பிவைத்தார்கள். போகிற வழியில் பிரேசில் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். பணம் கட்டி மீட்க வேண்டியிருந்தது. இயந்திரம் ஒருவழியாக வந்து சேர்ந்தது. ஓட்ட வந்தவர் நடுவழியிலேயே இறந்துபோனார். புத்தகத்தைத் திருடி பிடிஎஃப் போடுகிறார்கள் என்று இன்று பதிப்பாளர்கள் புலம்புகிறார்களே, அச்சகத்தையே நடுக்கடலில் திருடிய காலம் அது.

ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகளில் வேறொரு கூத்து. தெருக்கோடியிலிருந்து படிக்கிற மாதிரி அவ்வளவு பெரிசு! அந்த எழுத்தில் பைபிளை அச்சிட்டால் இருக்கிற காகிதம் பாதியிலேயே தீர்ந்துவிடும். எனவே இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி அடைத்து வந்த ஈய டப்பாக்களை உருக்கிச் சின்ன எழுத்து வார்த்துக்கொண்டார்கள். புதிய ஏற்பாடு 1715இல் முடிந்தது. தமிழ் அச்சுக்கலையின் வளர்ச்சியில் சீஸுக்கும் ஒரு பங்கு உண்டு என்று எந்தப் பாடப்புத்தகமும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

1761இல் இன்னொரு திருட்டு, இந்த முறை ஆங்கிலேயர் கையால். புதுச்சேரியைப் பிடித்த அயர் கூட்டின் படை அங்கிருந்த அச்சகத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்தது. வந்த பிறகுதான் அதை ஓட்டத் தெரிந்தவர் கோட்டையில் யாருமில்லை என்று புரிந்தது. கம்பெனி வேலை வந்தால் முதலில் அதை முடித்துக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வேப்பேரிப் பாதிரியார் பாப்ரிசியஸ் தலையில் கட்டினார்கள்.

இத்தனை அமளிக்கும் நடுவில் வள்ளுவர் எங்கே இருந்தார்? ஓலையில்தான். திருக்குறள் முதன்முதலாக அச்சேறியது 1812இல். தமிழில் அச்சு வந்து 234 வருஷம் கழித்து! உள்நாட்டுக்காரர்கள் தாராளமாக அச்சகம் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் இடம் கொடுத்தது 1835இல். அதற்குப் பிறகுதான் ஓலைக்கு வியர்க்கத் தொடங்கியது.

ஓலையில் படிப்பது சுகமான காரியம் என்றும் நினைத்துவிட வேண்டாம். எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும் என்பதால் எழுதியவர்கள் புள்ளியே வைக்கவில்லை. சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. ரகரமும் காலும் ஒரே மாதிரி இருக்கும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் கிடையாது. தலைவி எரியில் விழுந்தாளா, ஏரியில் விழுந்தாளா என்பதை உரைகாரர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்தக் காட்டுக்குள் புகுந்துதான் உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியே இழுத்துவந்தார்.

ஓலையை அச்சு கொன்றது என்று மேடையில் சொல்வார்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கை வேறு மாதிரி இருக்கிறது. பனையோலை கொஞ்ச காலத்தில் இற்றுப்போகும். அதற்குள் யாராவது உட்கார்ந்து புது ஓலையில் பிரதி எடுத்தாக வேண்டும். எடுக்க ஆள் இல்லாத வீட்டில் கரையான் முதலில் படித்து முடித்தது. மிச்சத்தை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டார்கள். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு ஏடு தேடிப் போன சாமிநாதையரிடம், பழைய ஏடுகளை ஆகம முறைப்படி நெய்யில் தோய்த்து ஓமத்தில் போட்டுவிட்டோம் என்றார்கள். சும்மா கொளுத்தினால் பாவமாம், நெய் ஊற்றினால் புண்ணியமாம்!

சரி, மின்நூலுக்கு வருவோம். கரையான் அதைத் தொடாது. ஆனால் சொத்தை வேறு இடத்தில் விழுகிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகெங்குமிருந்து தமிழர்கள் சங்க இலக்கியத்தைத் தட்டச்சு செய்து குவித்தார்கள். அப்போது யூனிகோடு பழக்கத்துக்கு வரவில்லை. மயிலை, திஸ்கி, டாம், டாப் என்று குறியாக்கம் ஆளுக்கொன்று. அந்தக் காலத்துத் திஸ்கி கோப்பை இன்றைய கணினியில் சும்மா திறந்து பாருங்கள். தலையில் கொம்பும் வாலும் முளைத்த ரோமன் எழுத்துகள் வரிசையாக நின்று பல்லிளிக்கும். எரியா ஏரியா என்று தடுமாறினாலும் ஏட்டிலாவது தமிழ் தெரிந்தது. மதுரைத் திட்டத்தார் பொறுமையாக யூனிகோடுக்கு மாற்றினார்கள், அவை பிழைத்தன. மாற்ற ஆளில்லாத கோப்புகள் நெய் செலவில்லாமலே போய்விட்டன.

காசு கொடுத்து வாங்கினால் பத்திரமா? 2009இல் அமேசான், உரிமைச் சிக்கல் என்று சொல்லி, வாடிக்கையாளர்களின் கிண்டிலுக்குள் கைவிட்டு ஒரு புத்தகத்தை அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, பிறகு மன்னிப்பும் கேட்டது. அழித்த புத்தகம் எது தெரியுமா? பழைய பதிவுகளை அரசே அழித்துக்கொண்டிருக்கும் கதையான ஆர்வெலின் ‘1984’. இவ்வளவு பொருத்தமாகத் தேர்ந்தெடுக்க எந்தக் கரையானாலும் முடியாது.

என் தீர்ப்பு இதுதான். மின்நூல் அச்சின் வாரிசு இல்லை, ஓலையின் பேரன். தாத்தாவைப் போலவே அதற்கும் தலைமுறைக்கொரு தடவை பிரதி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அச்சுப் புத்தகமோ ஆயிரம் பிரதியாகப் பிறந்து ஆயிரம் வீட்டுக்குப் போய்விடுகிறது. ஒருவர் பழைய பேப்பர்காரருக்குப் போட்டாலும் இன்னொருவர் வீட்டு அலமாரியில் கிடக்கும். எனவே அது இப்போதைக்குச் சாகாது. குண்டு அகராதி, ரயில் அட்டவணை போன்றவை போகும்; போகட்டும்.

உங்கள் வீட்டுப் பரணில் ஓலைச்சுவடி ஏதும் கிடந்தால், அடுத்த போகிக்கு முன்பு பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகத்துக்கு ஒரு தகவல் சொல்லுங்கள். பீரோவில் பழைய திஸ்கி கோப்புகளோடு சிடி ஏதும் இருந்தால், அதைப் போட்டுப் பார்க்கிற பெட்டி கடையில் கிடைக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.