வெள்ளிவிழா அண்ணாச்சி

சிவகாசியில் தெருவுக்கு ஒரு வெள்ளிவிழா அண்ணாச்சி உண்டு. விருதுநகர், சாத்தூர் பக்கம் தேடினாலும் கிடைப்பார். வயது ஐம்பத்தைந்துக்கும் அறுபத்தைந்துக்கும் நடுவில். காலண்டர் ஆர்டர் பிடிப்பார். அல்லது பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிப்பார். அல்லது தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுவார். அதெல்லாம் பகலில். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அவர் நடிகர் 'மைக்' மோகன்.

அந்தப் பட்டப்பெயரை மட்டும் அவர் காதுபடச் சொல்லக் கூடாது. "வெள்ளிவிழா நாயகன்னு சொல்லுங்க தம்பி" என்று திருத்துவார். திருத்திய கையோடு 1982க்குப் போய்விடுவார். மோகனின் 'பயணங்கள் முடிவதில்லை' வந்த வருஷம். கோவைத்தம்பி தயாரிப்பு, ஆர். சுந்தர்ராஜன் இயக்கம், இளையராஜா இசை. கதையைத் தீப்பெட்டி முதுகிலேயே எழுதிவிடலாம்: ஒரு பாடகன், ஒரு காதலி, ரத்தப் புற்றுநோய். பிரம்மாண்டம் என்று சொல்ல அதில் ஒன்றும் கிடையாது. மேடை, மைக், கிடார், கலர் பல்பு, முன்வரிசையில் கைதட்ட நாலு பேர். அவ்வளவையும் வைத்துக்கொண்டுதான் ஊர் ஊராக வெள்ளிவிழா கண்டது.

அதற்குப் பிறகு தமிழ் சினிமாவில் பாடகர்களுக்கு நல்ல காலம், பாத்திரங்களுக்குக் கெட்ட காலம். 1985இல் கே. ரங்கராஜின் 'உதயகீதம்': பாடகனுக்குத் தூக்குத் தண்டனை. அதே வருஷம் மணிரத்னத்தின் 'இதயகோவில்': பாடகனின் காதலி செத்துப்போகிறாள். மணிரத்னம் படங்களைப் பற்றி யாராவது 'நாயக'னில் ஆரம்பித்தால் அண்ணாச்சிக்கு முகம் கறுத்துவிடும். "முன்னாடி ஒரு படம் எடுத்தாரே, அதை ஏன் விட்டுட்டீங்க?" என்பார். மணிரத்னமே விட்டுவிடத்தான் விரும்புவார் என்று சொல்லும் தைரியம் டீக்கடையில் யாருக்கும் இல்லை.

சரி, அந்தப் படங்களின் கதையைச் சொல்லச் சொன்னால்? அங்கேதான் வேடிக்கை. அண்ணாச்சி சொல்லும் கதையில், காதலியைப் பறிகொடுத்த பாடகன் ஜெயிலுக்குப் போய்த் தூக்குமேடை வரை நடந்து, கடைசி நிமிஷத்தில் ரத்தம் கக்கிச் சாவான். மூன்று படங்களும் ஒன்றாகிவிட்டன. இப்படியொரு படம் வரவே இல்லை என்று மகன் செல்போனில் தேடிக் காட்டுவான். "நீ பாத்தது கட் பண்ண பிரிண்டு" என்று அண்ணாச்சி முடித்துவிடுவார். நியாயமாகப் பார்த்தால், தியேட்டரில் அவர் ஒவ்வொன்றையும் ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை பார்த்திருப்பார். பாட்டை நானூறு தடவை கேட்டிருப்பார். பாட்டுக்கு நடுவில் என்ன நடந்தது என்பதை அவரே நிரப்பிக்கொண்டார். அது அசலைவிட மோசம் என்றும் சொல்லிவிட முடியாது.

ஒரிஜினல் கேசட் வாங்க அன்றைக்கு யாரிடம் காசு இருந்தது? ரெக்கார்டிங் சென்டரில் துண்டுச் சீட்டில் பாட்டு எழுதிக் கொடுத்தால், அறுபது நிமிஷ கேசட்டில் பன்னிரண்டு பாட்டுப் பதிந்து கொடுப்பார்கள். கடைசிப் பாட்டுக்கு நாடா பற்றாது. அண்ணாச்சியின் கேசட்டில் ஒரு பாட்டு இரண்டாவது சரணத்தின் நடுவில் 'டக்'கென்று அறுந்திருந்தது. இன்றைக்கும் அவர் அந்தப் பாட்டை அதே இடத்தில்தான் நிறுத்துவார். மீதியைப் பாடினால் தப்பாகப் பாடுவதாகத் தோன்றுமாம். 'இளைய நிலா' முடிந்ததும் கேசட்டில் அடுத்து வந்த பாட்டு தானாக வாயில் வந்துவிடும். அது எந்தப் படம் என்று அவரைக் கேட்டுப் பயனில்லை. அதே 'இளைய நிலா' மெட்டு 1983இல் 'கலாகார்' என்ற இந்திப் படத்துக்குப் போன கதையைக் கேட்டால் மட்டும் வருஷம், படம், இசையமைப்பாளர் எல்லாம் துல்லியமாக வரும். குற்றப்பத்திரிகையில் அவருக்குப் பிழை வராது.

சிவகாசிக்காரர் என்பதால் இன்னொரு பெருமையும் உண்டு. சினிமா போஸ்டர் இங்கே ஆப்செட்டில் கட்டுக்கட்டாக அச்சாகும். அப்போது பிரஸ்ஸில் கூடமாட வேலை பார்த்த பையன்களில் அவரும் ஒருவர். "படம் ரிலீசாகுறதுக்கு முந்தியே பாத்தவன் நான்" என்பார். பார்த்தது போஸ்டரை. ரிஜிஸ்டர் விலகி, சிவப்பு ஒரு பக்கமும் நீலம் ஒரு பக்கமும் நின்று, மோகனுக்கு இரண்டு மூக்கு விழுந்த தாள் ஒன்றை இன்னும் பரணில் வைத்திருக்கிறார். நல்ல தாளெல்லாம் சுவருக்குப் போய் மாடு தின்றுவிட்டது.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. மோகனுக்குப் பாடியது எஸ்.பி. பாலசுப்பிரமணியம். பேசியது எஸ்.என். சுரேந்தர். உடுப்பியில் பிறந்த மோகனின் சொந்தக் குரல் அந்தப் படங்களில் பெரும்பாலும் கிடையாது. அப்படியானால் மோகன் என்னதான் செய்தார் என்று கேட்டால் அண்ணாச்சி கோபப்பட மாட்டார், எழுந்து நிற்பார். வலது கையில் டார்ச் லைட்டை மைக்காகப் பிடிப்பார். ஒயர் இல்லாத இடத்தில் இடது கையால் ஒயரை ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வார். கண் பாதி மூடும். இடையிசைக்கு இரண்டு எட்டுப் பின்னால் வைத்து, சரணத்துக்குச் சரியாக முன்னால் வருவார். "இதைச் செஞ்சாரு. நீ செய் பாப்போம்." எதிரில் நிற்பவரால் முடியாது. ஒயர் இடறும்.

கதையே பாட்டுக்குச் சாக்கு என்பது நம்மூர்க் கண்டுபிடிப்பு அல்ல. இங்கிலாந்தில் 1957இல் டாமி ஸ்டீல் என்ற பாடகரின் வாழ்க்கை வரலாற்றையே படமாக எடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது இருபது. பீட்டில்ஸின் 'எ ஹார்ட் டேஸ் நைட்' 1964இல் சிக்கனமாகக் கறுப்பு வெள்ளையில் வந்தது. பணம் போட்ட கம்பெனியின் கண் இசைத்தட்டின் மேல். கிளிஃப் ரிச்சர்ட் 1963இல் 'சம்மர் ஹாலிடே'யில் லண்டன் மாடி பஸ்ஸை ஏதென்ஸ் வரை ஓட்டிக்கொண்டே பாடினார். அந்தத் தலைமுறை ரசிகர்களும் அங்கே இன்றுவரை அவற்றைக் கொண்டாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கிளிஃப் ரிச்சர்ட் லக்னோவில் பிறந்தவர் என்று மகன் சொன்னதும் அண்ணாச்சி, "அதான பாத்தேன்" என்றார். வேறு எதையும் கேட்டுக்கொள்ளவில்லை.

பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகரில் இன்னிசைக் கச்சேரி என்றால் மேடைக்குச் சீட்டு எழுதி அனுப்புவார். புதுப் பாட்டுப் பாடினால் எழுந்துபோய் எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வருவார். பரோட்டாக் கடையில் நடிகர் ராமராஜனின் ரசிகர் கோஷ்டி உட்கார்ந்திருக்கும். 1989இல் வந்த 'கரகாட்டக்காரன்' மதுரையில் ஒரு வருஷத்தைத் தாண்டி ஓடியதை எடுத்து அவர்கள் போட்டால், இவர் 'பயணங்க'ளைப் போடுவார். இரண்டு கோஷ்டிக்கும் இளையராஜாதான் தெய்வம் என்பதால் அடிதடி வராது. பில்லை யார் கொடுப்பது என்பதில்தான் இழுபறி.

இப்போது செல்போனில் பாட ஸ்மூல் செயலி வந்துவிட்டது. ராத்திரி பத்து மணிக்கு மாடியில் உட்கார்ந்து, முகம் தெரியாத ஓர் அம்மாவோடு டூயட் பாடுகிறார். அந்தம்மா மலேசியாவாம். வீட்டு அம்மாவுக்கு அதில் சந்தேகம் ஒன்றும் இல்லை. "ரத்தப் புற்றுநோய்க்காரன் இவ்வளவு சத்தமா பாடுவானா?" என்று மட்டும் கீழேயிருந்து கேட்பார்.

2024இல் விஜய்யின் 'தி கோட்' வந்தது. மோகன் அதில் வில்லன். விஜய் சுரேந்தருக்கு மருமகன் முறை என்பதால் குடும்பப் படம் என்றே முடிவு செய்து அண்ணாச்சி போனார். திரும்பி வந்தவரிடம் எப்படி என்று கேட்டதற்கு நெடுநேரம் பதில் இல்லை. பிறகு சொன்னார்: "வில்லனாவே இருக்கட்டும். கையில ஒரு மைக்கக் குடுத்துட்டு மெரட்டச் சொல்லியிருக்கலாம்ல?"