முதுகைத் தட்டிய காலமும் திரையைத் தட்டும் காலமும்

மேற்கு மாம்பலத்தில் ஒரு வீட்டுக்காரர் என் முதுகில் அன்போடு தட்டிக்கொடுத்தார். எண்பதுகளின் கடைசி. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து, அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, திருவல்லிக்கேணி மேன்சனில் காலம் தள்ளிக்கொண்டிருந்த எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. முன்பின் தெரியாத ஊரில் ஒரு பெரியவர் முதல் சந்திப்பிலேயே இப்படி வாஞ்சை காட்டியதில் கண் கலங்கிவிட்டது. வெளியே வந்ததும் சைக்கிள் ஸ்டாண்டைத் தள்ளியபடி தரகர் விளக்கினார்: “பூணூல் கீதான்னு தடவிப் பாத்தாரு சார். இல்ல. வா, கோடம்பாக்கம் போலாம்.”

கோடம்பாக்கத்தில் முதுகைத் தொடவில்லை, வாயால் கேட்டார்கள். யாரும் சாதியைக் கேட்கவில்லை, அது அநாகரிகம். “தம்பிக்குச் சொந்த ஊர் எது?” “ஊர்ல எந்தத் தெரு?” “அப்பா என்ன பண்றார்?” “குலதெய்வம்?” “சாப்பாடெல்லாம் எப்படி?” எந்தத் தெரு என்ற கேள்விக்கு நான் “காலனி” என்றதுமே பெரும்பாலும் விசாரணை முடிந்துவிடும். “அடடா, நேத்துதான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரு.” நேற்றே அட்வான்ஸ் கொடுத்துவிட்ட அந்த ஒருத்தர் வடபழனியிலும் அசோக் நகரிலும் எனக்கு ஒருநாள் முன்னதாகவே போய்க்கொண்டிருந்தார். வாசலில் தொங்கிய ‘டு லெட்’ அட்டையை மட்டும் அவருக்காக யாரும் கழற்றவில்லை.

ஒருவழியாகச் சைதாப்பேட்டையில் ஒரு மாடிப் போர்ஷன் கிடைத்தது. பத்து மாத அட்வான்ஸ். விருந்தாளி வந்தால் தண்ணீருக்குத் தனிக் காசு. அசைவம் அறவே கூடாது. என் மனைவிக்கோ அம்மா வீட்டிலிருந்து மாதம் ஒரு பொட்டலம் கருவாடு வரும். ஜன்னல்களை அடைத்து, வாசலில் சாம்பிராணி போட்டுவிட்டுத்தான் அடுப்பில் சட்டியை ஏற்றுவாள். கீழ்வீட்டு அம்மாவுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. “வெள்ளிக்கிழமைன்னு இல்ல, புதன்கிழமைகூட சாம்பிராணி போடறா அந்தப் பொண்ணு. அவ்ளோ பக்தி” என்று தெருவெல்லாம் சொன்னார். அந்த நற்சான்றிதழில்தான் நாங்கள் அங்கே நிலைத்தோம்.

அப்போது நடப்பில் இருந்தது 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். நியாய வாடகை எவ்வளவு, குடியிருப்பவரை எந்தக் காரணத்துக்காகக் காலிசெய்யச் சொல்லலாம் என்றெல்லாம் விவரமாகப் பேசியது. உள்ளே போய்விட்டவருக்குப் பாதுகாப்பு உண்டு. வாசலில் நிற்பவனைப் பற்றி மூச்சில்லை. அரசியல் சாசனத்தின் 15ஆவது பிரிவையும் புரட்டியிருக்கிறேன். கடை, உணவகம், கிணறு, குளம், படித்துறை, சாலை என்று சாதி பார்க்கக்கூடாத இடங்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறது. வாடகை வீடு அதில் இல்லை.

இப்போது காலம் மாறிவிட்டது. என் மகள் ஓ.எம்.ஆர். சாலையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். அவளும் வாணியம்பாடித் தோழி ஒருத்தியும் சேர்ந்து வீடு தேடினார்கள். வெயிலில் அலையவில்லை, குளிர்சாதன அறையில் உட்கார்ந்தபடி செல்பேசித் திரையை விரலால் தட்டினார்கள். ‘குடும்பத்துக்கு மட்டும்’, ‘சைவம் மட்டும்’ என்று முதலிலேயே போட்டுவிடுகிறார்கள். மூன்று நாள் அலைந்து வாங்கவேண்டிய அவமானத்தை மூன்று நொடியில் வாங்கிவிடலாம். பேருந்துச் செலவு மிச்சம்.

சாதியை இப்போதும் யாரும் கேட்பதில்லை. மகளின் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரின் முதலெழுத்துதான் நிற்கிறது. அதில் துப்பு கிடைப்பதில்லை. அதனால் “ப்யூர் வெஜ்தானே?” என்கிறார்கள். எங்கள் காலத்தின் ஐந்து கேள்விகளும் செய்த வேலையை இந்த ஒன்றே பார்த்துவிடுகிறது. தோழியின் விஷயத்தில் அதுவும் தேவைப்படவில்லை. அவள் பெயரோடு செய்தி போனதும் இரண்டு நீல டிக் விழும். பிறகு பதில் இருக்காது. ஒரே ஒருவர் மட்டும் மரியாதையாக எழுதினார்: “சாரி, நேற்றே டோக்கன் அட்வான்ஸ் வாங்கிவிட்டோம்.” என் பழைய நண்பருக்கு இவ்வளவு வயதாகியும் சுறுசுறுப்புக் குறையவில்லை. விளம்பரம் மறுவாரமும் அப்படியே இருந்தது.

இதெல்லாம் நம் மனப்பிரமை என்பவர்கள் உண்டு. பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட் குழுவினர் டெல்லியிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் இதைச் சோதித்தே பார்த்தார்கள். வீட்டுக்காரர்களுக்குப் போன் செய்தவர்கள் ஒரே மாதிரி விவரம் சொன்னார்கள். பெயர் மட்டும்தான் வேறு. உயர்சாதிப் பெயருக்குக் கதவு தாராளமாகத் திறந்தது, தலித் பெயருக்குக் குறைவாக, முஸ்லிம் பெயருக்கு அதைவிடக் குறைவாக. 2015இல் முடிவுகள் வெளியாயின.

மகள் போய்ப் பார்த்த ஓர் அடுக்ககத்தில் வீட்டுவேலை செய்பவர்களுக்குத் தனி லிஃப்ட். அதில் ஏறி வந்த அக்கா முன்பு கூவம் கரையில், சிந்தாதிரிப்பேட்டையில் இருந்தவர். வேலைக்கு நடந்தே போவார். இப்போது பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் வீடு கொடுத்திருக்கிறார்கள். 1970இல் குடிசை மாற்று வாரியம் வந்தபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுத்தார்கள். பிறகு அந்த இடத்துக்கு விலை ஏறிவிட்டது. 2000 வாக்கில் கண்ணகி நகர், சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம் என்று ஆட்களைத் தெற்கே அனுப்பினார்கள். கண்ணகி நகர் என்று முகவரி எழுதினால் வேலை தர யோசிக்கிறார்கள் என்று அங்குள்ள பிள்ளைகள் துரைப்பாக்கம் என்றே எழுதுகிறார்கள். எல்லாச் சனங்களும் கலந்து புழங்க வேண்டும் என்பதில் சென்னைக்கு மறுப்பே கிடையாது. பகலில்.

எதிர்த்திசையிலும் ஒரு முயற்சி நடந்ததைச் சொல்லியாக வேண்டும். கலைஞர் அரசு 1997இல் சமத்துவபுரம் திட்டத்தைக் கொண்டுவந்தது. முதலாவது மதுரை மாவட்டம் திருமங்கலத்துக்குப் பக்கத்தில் மேலக்கோட்டையில் எழுந்தது. நூறு வீடு என்றால் ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. அடுத்தடுத்த வாசல், பொதுச் சுடுகாடு, நுழையும் இடத்தில் பெரியார் சிலை. குறை சொல்ல ஆயிரம் உண்டு. ஆனாலும் ‘எந்தத் தெரு’ என்று கேட்க முடியாதபடி ஒரு தெருவை அரசே போட்டது. இப்படி இருநூறுக்கும் மேற்பட்ட ஊர்கள் வந்தன. எல்லாம் கிராமப்புறத்தில். நகரத்தில் சமத்துவம் ஏற்கெனவே வந்துவிட்டதாகக் கோப்பில் குறித்திருப்பார்கள் போலிருக்கிறது.

கடைசியில் மகளுக்கும் தோழிக்கும் பள்ளிக்கரணையில் வீடு கிடைத்தது. பேசி முடிக்க நானும் போயிருந்தேன். உட்கார்ந்த உடனே, பழக்கதோஷத்தில் ஊர், தெரு என்று ஒப்பிக்கத் தொடங்கினேன். வீட்டுக்காரர் குழம்பிப்போனார். “அதெல்லாம் எதுக்கு சார்? அஞ்சாந்தேதிக்குள்ள வாடகை வந்துடுமா?” நல்ல மனிதர். ஆனால் இப்படி ஒருவர் கண்ணில் படுவாரா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. அதிர்ஷ்டம் இருந்தால்தான் வீடு என்றால் சட்டம் எதற்கு?

சட்டமும் புதிதாகத்தான் இருக்கிறது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, 2017இல் தமிழ்நாடு புதிய வாடகைச் சட்டம் இயற்றியது; 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தை எழுத்தில் பதிய வேண்டும். வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய, அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. யாருக்கு வீடு மறுக்கக் கூடாது என்று ஒரு வரி கிடையாது. அதே 2017இல் நாடாளுமன்றம் இயற்றிய எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், நோயைக் காரணம் காட்டி வாடகைக்கு வீடு மறுப்பது பாகுபாடு என்று தெளிவாகச் சொல்கிறது. 2019இன் திருநர் உரிமைச் சட்டமும் திருநர்களுக்கு வீடு மறுப்பதைப் பற்றி அதையே சொல்கிறது. அந்த வரி வந்ததும் கதவெல்லாம் திறந்துவிடவில்லைதான். ஆனாலும் மறுத்தது தவறு என்று சுட்டிக்காட்ட அவர்கள் கையில் ஒரு காகிதம் இருக்கிறது. என் மகளுக்கும் அவள் தோழிக்கும் அதுவும் இல்லை.

ஓய்வுபெறும்வரை கோப்பு எழுதிய கை என்பதால் ஒரு சிறு குறிப்பு வைக்கிறேன். புதிதாக எதையும் யோசிக்க வேண்டியதில்லை. மேற்படி இரு சட்டங்களிலும் உள்ள வரியை நகலெடுத்து, ‘சாதி, மதம், உணவு, திருமணம்’ என்ற நான்கு சொற்களைச் சேர்த்து, வாடகைச் சட்டத்தில் ஒட்டினால் போதும். நகலெடுக்கும் செலவு ரூபாய் இரண்டு. நிதித்துறையின் ஒப்புதல் தேவைப்படாது. ஆணைக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது.